ரெக்ரஷன் அட்டவணையில் லேபிள் மாறி வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ போட வேண்டிய ரெக்ரஷன் (தொடர்புப்போக்கு) அட்டவணையை மென்பொருளே தயாரித்துக் கொடுக்கும்போது, மாறிகளின் பெயர்கள் இடம் மாறுவதும் காணாமல் போவதும் தலைகீழாவதும் உண்டு. எங்கே, ஏன் அப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதற்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆர் மென்பொருளோடு வரும் எம்டிகார்ஸ் தரவிலிருந்து எடுக்கப்பட்டவை. 1974ஆம் ஆண்டு மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து தொகுக்கப்பட்ட 32 கார்களின் விவரம் அது. ஆர் வைத்திருப்பவர்கள் கீழே வரும் எண்களைத் தாங்களே ஓட்டிச் சரிபார்க்கலாம்.

எண்கள் எல்லாம் சரி, பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. அது அவ்வளவு பெரிய தவறா?

எண் தவறாவதைவிட மோசமான தவறு. எண் தவறினால் எங்கேயாவது ஒன்றுக்கொன்று முரண்பட்டு மாட்டிக்கொள்ளும். பெயர் மாறினால் அட்டவணை முழுக்க ஒழுங்காகவே தெரியும், முடிவு மட்டும் பொய்யாகிவிடும்.

எம்டிகார்ஸில் மைலேஜை, எடை (ஆயிரம் பவுண்டு அளவில்), குதிரைத்திறன் இரண்டையும் வைத்து ரெக்ரஷன் செய்தால் மாறிலி (மாறிகள் எல்லாம் 0 ஆக இருக்கும்போதைய மதிப்பு) 37.227, எடையின் கெழு (எடை ஓர் அலகு கூடினால் மைலேஜ் மாறும் அளவு) -3.878, குதிரைத்திறனின் கெழு -0.032 என்று வரும். லேபிள் இரண்டும் இடம் மாறிவிட்டால், ஒரு குதிரைத்திறன் கூடினாலே கேலனுக்கு 3.878 மைல் குறைகிறது என்று அட்டவணை சொல்லும். 10 குதிரைத்திறன் கூடினால் 39 மைல் குறைய வேண்டும். இந்தத் தரவில் அதிகபட்ச மைலேஜே 33.9 தான். காரைப் பற்றித் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். ஆனால் மனப்பான்மை மதிப்பெண், சொத்துக் குறியீடு போன்ற மாறிகளில் எந்த அளவு நம்பத்தக்கது என்று யாருக்கும் கண்ணில் படாது. அங்கேதான் ஆபத்து.

ஸ்டார்கேஸரில் எல்லா லேபிளும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. ஏன்?

ஆர் மென்பொருளின் ஸ்டார்கேஸர் தொகுப்பில் "கோவேரியட்.லேபிள்ஸ்" என்ற வசதிக்கு நீங்கள் கொடுக்கும் பெயர்கள், மாறியின் பெயரைப் பார்த்து ஒட்டப்படுவதில்லை. முதல் பெயர் முதல் வரிக்கு, இரண்டாவது பெயர் இரண்டாவது வரிக்கு என்று வரிசைப்படி மட்டுமே ஒட்டப்படுகின்றன. எனவே வரிகளின் எண்ணிக்கை நீங்கள் நினைத்ததிலிருந்து ஒன்று மாறினாலும் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் தவறிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

வரி கூடுவதற்கோ வரிசை மாறுவதற்கோ மூன்று காரணங்களைத்தான் அடிக்கடி பார்க்கலாம். முதலாவது, வகைப்பட்ட மாறி. நான்கு வகை இருந்தால், ஒன்று ஒப்பீட்டுக்கான அடிப்படை வகையாகிவிடுவதால், அட்டவணையில் மூன்று வரி வரும். "பகுதி" என்று ஒரே லேபிள் கொடுத்தால் மீதி இரண்டு வரிக்கு அடுத்த மாறிகளின் பெயர்கள் ஏறிக்கொள்ளும். இரண்டாவது, மாறிலி. ஆரின் சாதாரண வெளியீட்டில் அது முதல் வரி, ஸ்டார்கேஸரில் கடைசி வரி. சாதாரண வெளியீட்டைப் பார்த்து லேபிள் எழுதியவர்கள் இங்கே ஒரு படி தவறுவார்கள். மூன்றாவது, பல மாடல்களை ஒரே அட்டவணையில் போடுவது. முதல் மாடலின் மாறிகள் முதலில் வரும், பிறகு வரும் மாடல்களில் புதிதாகச் சேர்ந்தவை அவற்றுக்குப் பின்னால் போகும். உங்கள் மனதில் உள்ள வரிசை அதுவாக இருக்காது.

சரிசெய்யும் முறை: முதலில் லேபிள் எதுவும் கொடுக்காமல், எழுத்து வடிவில் அட்டவணையை அச்சிடுங்கள். வரிகளை நீக்கும், வரிசை மாற்றும் வசதிகளைப் பயன்படுத்துவதாக இருந்தால் அவற்றையும் சேர்த்தே அச்சிடுங்கள். அந்த அட்டவணையில் வரும் வரிகளை மேலிருந்து கீழாக எண்ணி, அதே எண்ணிக்கையில் லேபிள் எழுதுங்கள். பிறகு லேபிள் உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கெழு எண்ணை வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். மாடலில் ஒரு மாறியைச் சேர்த்தாலோ எடுத்தாலோ இதை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்த "மறுபடி"தான் எல்லோரும் தவறவிடும் இடம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை: வரிசையை நம்பி லேபிள் ஒட்டும் கருவிகளையே தவிர்த்துவிடுங்கள். ஆரின் இன்னோர் அட்டவணைத் தொகுப்பான டெக்ஸ்ரெக்கிலும் வரிசைப்படி பெயர் கொடுக்கும் வசதி உண்டு. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும், அதுவரை நல்லது. ஆனால் எண்ணிக்கை பொருந்தி வரிசை மட்டும் மாறியிருந்தால் அதற்கும் தெரியாது.

ஆரின் மாடல்சம்மரி தொகுப்புக்கு மாறினேன். இப்போது ஒரு மாறி அட்டவணையிலேயே இல்லை!

"கோஎஃப்_மேப்" பயன்படுத்தியிருப்பீர்கள். அது ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது: பெயர் மாற்றும், வரிசைப்படுத்தும், பட்டியலில் இல்லாததை நீக்கும். பட்டியலில் உள்ள பெயர் மாடலில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் அந்த வரி சத்தமில்லாமல் போய்விடும். மடக்கை எடுத்த மாறியாக இருந்தால் அடைப்புக்குறியோடு சேர்த்து, மாடல் எப்படிக் காட்டுகிறதோ அப்படியே எழுத வேண்டும். மாடலின் கெழுப் பெயர்களை அச்சிட்டு அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு.

பெயர் மட்டும் மாற்றினால் போதும் என்றால் "கோஎஃப்_ரீநேம்" போதும். அது பொருந்தாததை அப்படியே விட்டுவிடும், எதையும் நீக்காது.

ஆண் என்று போட்ட இடத்தில் பெண்ணின் கெழு வருகிறது. வகைகள் தலைகீழாவது எப்படி?

பெரும்பாலும் அட்டவணைக் கருவியில் பிழை இருக்காது. தரவைத் தயார் செய்த கட்டத்திலேயே பிழை நடந்திருக்கும். ஆரில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று: குறியெண்ணாக இருக்கும் மாறியை ஃபேக்டர் (வகைப்பட்ட மாறி) ஆக்கும்போது "லேபிள்ஸ்" (வகைகளின் பெயர்கள்) மட்டும் கொடுத்து "லெவல்ஸ்" (அவற்றுக்குரிய குறியெண்கள்) கொடுக்காமல் விடுவது. அப்போது ஆர் குறியெண்களை ஏறுவரிசையில் அடுக்கி, உங்கள் லேபிள்களை அந்த வரிசையில் ஒட்டிவிடும். எம்டிகார்ஸில் கியர் வகை 0 என்றால் ஆட்டோமேட்டிக், 1 என்றால் மேனுவல். "மேனுவல், ஆட்டோமேட்டிக்" என்று வரிசை மாற்றி லேபிள் கொடுத்தால், தரவில் உள்ள 32 கார்களும் வகை மாறிவிடும். எப்போதும் லெவல்ஸ், லேபிள்ஸ் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டு: ஏற்கெனவே ஃபேக்டராக இருக்கும் மாறியின் அடிப்படை வகையை மாற்ற நினைத்து, லெவல்ஸுக்கு நேரடியாகப் புதிய வரிசையை ஒதுக்குவது. அது வரிசையை மாற்றாது, பெயரையே மாற்றிவிடும். கிராமம் எல்லாம் நகரமாகும், நகரம் எல்லாம் கிராமமாகும். அடிப்படை வகையை மாற்ற "ரீலெவல்" கட்டளையையோ, லெவல்ஸ் கொடுத்து மறுபடி ஃபேக்டர் ஆக்குவதையோதான் பயன்படுத்த வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. கட்டுப்பாட்டு மாறிகள் இல்லாமல் அந்த ஒரு மாறியை மட்டும் வைத்து ரெக்ரஷன் ஓட்டுங்கள். மாறிலி, அடிப்படை வகையின் சராசரிக்குச் சமமாக இருக்க வேண்டும். மாறிலியோடு கெழுவைக் கூட்டினால் மற்ற வகையின் சராசரி வர வேண்டும். எம்டிகார்ஸில் ஆட்டோமேட்டிக் 19 கார்களின் சராசரி மைலேஜ் 17.147, மேனுவல் 13 கார்களின் சராசரி 24.392. ரெக்ரஷனில் மாறிலி 17.147, கெழு 7.245. இரண்டையும் கூட்டினால் 24.392. லேபிள் "மேனுவல்" என்று இருந்தால் சரி, "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தால் தவறு. ஆனால் சராசரியை, லேபிள் ஒட்டுவதற்கு முன் இருந்த மூலக் குறியெண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். லேபிள் ஒட்டிய மாறியை வைத்துக் கணக்கிட்டால் அதே தவறு இரண்டு பக்கமும் இருக்கும், எண்கள் பொருந்திப் போய்விடும்.

லேபிள்களைத் தமிழில் மாற்றினேன். கெழுவின் குறியே எதிர்மாறாகிவிட்டது. இது சாத்தியமா?

சாத்தியம்தான், தமிழில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. எழுத்து வடிவ மாறியை ஆர் தானாக ஃபேக்டர் ஆக்கும்போது வகைகளை அகரவரிசையில் அடுக்கி, முதலில் வருவதை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் (ஆம், இல்லை போன்ற முடிவுகளுக்கான ரெக்ரஷன்) சார்ந்த மாறி, அதாவது கணிக்கப்படும் மாறி, ஃபேக்டராக இருந்தால், முதல் வகையை "நிகழவில்லை" என்றும் மற்றதை "நிகழ்ந்தது" என்றும் கொள்கிறது.

ஆங்கிலத்தில் "நோ", "எஸ்" என்று இருந்தால் அகரவரிசையில் "நோ" முன்னால் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான், தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. தமிழில் "ஆம்", "இல்லை" என்று மாற்றியதும் "ஆம்" முன்னால் வந்துவிடும். மாடல் இப்போது "இல்லை" என்பதன் நிகழ்தகவைக் கணிக்கும். எல்லாக் கெழுவும் குறி மாறும், அட்டவணைத் தலைப்பு மட்டும் பழையபடியே இருக்கும். பாலினத்திலும் இதே கதை. ஆங்கிலத்தில் பெண்ணைக் குறிக்கும் "ஃபீமேல்" அகரவரிசையில் முன்னால் வருவதால் பெண் அடிப்படை வகை, தமிழில் "ஆண்" முன்னால் வருவதால் ஆண் அடிப்படை வகை.

மொழிபெயர்ப்பதற்கு முன்பே அடிப்படை வகையைக் கட்டளையில் எழுதி உறுதிசெய்யுங்கள். இன்னும் நல்லது, தரவில் 0, 1 என்றே வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயரை அட்டவணை கட்டும் கடைசிப் படியில் மட்டும் ஒட்டுவது.

வகைகளின் பெயருக்குப் பதில் மாறியின் பெயரோடு எல், கியூ, சி என்ற எழுத்துகள் ஒட்டி வருகின்றன. அவை என்ன?

உங்கள் மாறி வரிசைப்பட்ட ஃபேக்டராக இருக்கிறது. அதற்கு ஆர் நேர்கோட்டு, இருபடி, முப்படிப் போக்குகளைக் கணக்கிடுகிறது. அந்த மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அவை. எம்டிகார்ஸில் சிலிண்டர் எண்ணிக்கையை வரிசைப்பட்டதாக அறிவித்தால் இரண்டு வரி வரும்: நேர்கோட்டுப் போக்கு -8.177, இருபடிப் போக்கு 0.930. இவற்றின் மேல் "6 சிலிண்டர்", "8 சிலிண்டர்" என்று லேபிள் ஒட்டுவது முற்றிலும் தவறு. சாதாரண ஃபேக்டராக ஓட்டினால் 4 சிலிண்டரோடு ஒப்பிடும்போது 6 சிலிண்டருக்கு -6.921, 8 சிலிண்டருக்கு -11.564 என்று வரும். மூன்று வகைக்கு இரண்டு வரி என்று எண்ணிக்கை இரண்டிலும் பொருந்துவதால் இந்தப் பிழையை எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது. கல்வி நிலை, சொத்து நிலை, உடன்பாட்டு அளவுகோல் போன்ற மாறிகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். வகைகளை ஒப்பிடுவதே நோக்கம் என்றால் மாறியின் வரிசைப்பட்ட தன்மையை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஐந்து வகை உள்ள சொத்துக் குறியீட்டுக்கு ஒரே ஒரு வரிதான் வருகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற தரவுகளை ஸ்டேட்டா மென்பொருளின் கோப்பிலிருந்து ஆரின் ஹேவன் தொகுப்பு மூலம் படிப்பவர்களுக்கு இது நேரும். குறியெண்ணும் லேபிளும் சேர்ந்து வந்தாலும், ரெக்ரஷன் கட்டளை அதை வெறும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 1 மிக ஏழை, 5 மிக வசதியானவர் என்ற குறியெண், எடையைப் போல ஓர் அளவாகிவிடும். ஹேவனின் "ஆஸ்_ஃபேக்டர்" (நடுவில் அடிக்கோடு) லேபிளை வைத்து ஃபேக்டராக்கும். ஆரின் சொந்தக் கட்டளையான "ஆஸ்.ஃபேக்டர்" (நடுவில் புள்ளி) குறியெண்ணை வைத்து ஆக்கும், அட்டவணையில் 2, 3, 4, 5 என்றே வரும்.

எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் லாஜிஸ்டிக் அட்டவணையில் பகுதி(1), பகுதி(2) என்று வருகிறது. 1 என்பது என் குறியெண் 1 தானே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எத்தனையாவது டம்மி மாறி (ஒரு வகையைக் குறிக்கும் 0, 1 மாறி) என்பது மட்டுமே. எஸ்பிஎஸ்எஸ் வழக்கமாகக் கடைசி வகையை ஒப்பீட்டு வகையாக எடுத்துக்கொள்கிறது. முதல் வகையை ஒப்பீட்டு வகையாக மாற்றினால், பகுதி(1) என்பது குறியெண்ணில் இரண்டாவது வகையாகிவிடும். வெளியீட்டின் தொடக்கத்தில் வகை மாறிகளின் குறியீட்டு அட்டவணை ஒன்று வரும். அதில் எந்த வகைக்கு எந்தப் பத்தியில் 1 இருக்கிறது என்று பார்த்துத்தான் பெயர் எழுத வேண்டும்.

அதற்குப் பக்கத்திலேயே சார்ந்த மாறியின் குறியீட்டு அட்டவணையும் இருக்கும், அதையும் படியுங்கள். வினாத்தாளில் 1 ஆம், 2 இல்லை என்று இருந்தால், எஸ்பிஎஸ்எஸ் சிறிய எண்ணை உள்ளுக்குள் 0 ஆகவும் பெரியதை 1 ஆகவும் மாற்றி "இல்லை"யைக் கணிக்கும். இதே தரவை ஸ்டேட்டாவின் லாஜிட்டில் ஓட்டினால், 0 என்ற மதிப்பே இல்லாததால் அது பிழை காட்டி நின்றுவிடும். சாஸ் மென்பொருளின் லாஜிஸ்டிக் செயல்முறை 0, 1 என்று இருக்கும்போது வழக்கமாக 0 நிகழ்வதைக் கணிக்கும். எந்த மதிப்பு நிகழ்வு என்று "ஈவென்ட்" விருப்பத்தில் எழுதினால் மாறும். சாஸில் இன்னொன்றும் உண்டு: வகை மாறிக்கு ஃபார்மட் ஒட்டினால், வகைகள் அந்த ஃபார்மட்டின் எழுத்து வரிசைப்படி அடுக்கப்படும். பார்வைக்காக ஒட்டிய பெயர் ஒப்பீட்டு வகையையே மாற்றிவிடலாம்.

ஸ்டேட்டாவில் லேபிள் கொடுத்திருக்கிறேன். எஸ்ட்டேப் கட்டளை தரும் அட்டவணையில் மாறியின் பெயரே வருகிறது.

முதலில், கட்டளையில் "லேபிள்" என்ற விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எஸ்ட்டேப் மாறிப் பெயரையே காட்டும். அது இருந்தும் வரவில்லை என்றால் காரணம் நினைவகம். எஸ்ட்டேப் லேபிள்களை, அட்டவணை கட்டும் நேரத்தில் திறந்திருக்கும் தரவிலிருந்து எடுக்கிறது. மாடல் ஓட்டிய பிறகு வேறு கோப்பைத் திறந்திருந்தாலோ, தரவை அழித்திருந்தாலோ லேபிள் கிடைக்காது. அதைவிட மோசம், புதிய கோப்பில் அதே பெயரில் வேறு பொருளுடைய மாறி இருந்தால் அதன் லேபிள் வந்து உட்காரும். அட்டவணையை, மாடல் ஓட்டிய தரவு திறந்திருக்கும்போதே கட்டிவிடுங்கள். அல்லது "கோஎஃப்லேபிள்ஸ்" விருப்பத்தில் மாறிப் பெயரையும் லேபிளையும் இணை இணையாக எழுதுங்கள். அது பெயரைப் பார்த்து ஒட்டும், வரிசையைப் பார்த்து அல்ல.

விசித்திரமான லேபிள் வந்தால் அதன் பிறப்பிடத்தை ஊகிக்கலாம். தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "மீன்" (சராசரி என்பதன் ஆங்கிலச் சொல்) என்று இருந்தால் கொலாப்ஸ் கட்டளை வைத்தது. நடுவில் இரட்டைச் சமக்குறி இருந்தால் டேபுலேட் கட்டளையால் உருவான டம்மி. லேபிள் பாதியில் அறுந்திருந்தால் 80 எழுத்து வரம்பைத் தாண்டியிருக்கிறது.

இரண்டு கோப்புகளைச் சேர்த்த பிறகு மாநிலங்களின் பெயர்கள் குழம்பிவிட்டன.

ஸ்டேட்டாவின் என்கோட் கட்டளை, அந்தக் கோப்பில் இருக்கும் பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கி 1 முதல் எண் கொடுக்கிறது. முதல் கோப்பில் கேரளா, தமிழ்நாடு மட்டும் இருந்தால் தமிழ்நாடு 2. இரண்டாவது கோப்பில் ஆந்திரா, கேரளா, தமிழ்நாடு இருந்தால் கேரளாதான் 2. இரண்டையும் அப்பெண்ட் செய்யும்போது, லேபிள் தொகுப்பின் பெயர் ஒன்றாக இருந்தால் ஸ்டேட்டா முதல் கோப்பின் வரையறையை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டாவது கோப்பின் கேரளக் குடும்பங்கள் எல்லாம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றுவிடும். லேபிள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது என்று திரையில் ஒரு சிறு குறிப்பு வரும். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

தீர்வு: இரு கோப்புகளிலும் டீகோட் செய்து எழுத்து வடிவமாக்குங்கள், பிறகு சேருங்கள், அதன் பிறகு ஒரே முறை என்கோட் செய்யுங்கள். எழுத்து வடிவில் சேமிக்கப்பட்ட எண்களுக்கு என்கோட்டைத் தொடவே கூடாது. 10, 20, 30 என்பவை 1, 2, 3 ஆகிவிடும். அதற்கு டீஸ்ட்ரிங் இருக்கிறது.

பத்தித் தலைப்புகள் இடம் மாறுகின்றன.

மாடல்களைச் சேமிக்கும் ஸ்டேட்டாவின் எஸ்ட்ஸ்டோவில் பழைய மாடல்கள் தங்கியிருக்கின்றன. காலையில் சேமித்த இரண்டு மாடல்கள் முதல் இரண்டு பத்தியில் வரும், "எம்டைட்டில்ஸ்" விருப்பத்தில் உள்ள தலைப்புகள் அவற்றின் மேல் ஏறும். ஒவ்வொரு அட்டவணைக்கும் முன்னால் எஸ்ட்ஸ்டோ கிளியர் எழுதுங்கள்.

ஒரே மாறி இரண்டு வரிகளில் வருகிறது.

இரண்டு மாடல்களில் அதன் பெயர் வேறு வேறாக இருக்கிறது. இடைவினை உறுப்பில் (இரண்டு மாறிகளின் பெருக்கல்) இது சகஜம்: ஒரு மாடலில் எடை முதலிலும் கியர் பின்னும், மற்றதில் கியர் முதலிலும் எடை பின்னும் வந்தால் ஆர் இரண்டு பெயர் கொடுக்கும். ஆரின் ஃபிக்ஸெஸ்ட் தொகுப்பில் கருவி மாறி முறையில் ஓட்டினால் மாறிப் பெயரின் முன் "ஃபிட்_" சேரும், சாதாரண மாடலின் வரியோடு அது இணையாது. மாடல்சம்மரியின் கோஎஃப்_மேப்பில் இரு பெயர்களுக்கும் ஒரே லேபிள் கொடுத்தால் ஒரே வரியில் வந்துவிடும்.

பைத்தானில் எக்ஸ்1, எக்ஸ்2 என்று வருகிறது.

பைத்தானின் ரெக்ரஷன் தொகுப்பான ஸ்டேட்ஸ்மாடல்ஸுக்கு, எண்கள் மட்டும் உள்ள நம்பை அணியைக் கொடுத்திருக்கிறீர்கள், அதில் பத்திப் பெயர் கிடையாது. பாண்டாஸ் டேட்டாஃபிரேமாகவே கொடுங்கள். "எக்ஸ்நேம்" வழியாகப் பெயர் கொடுக்கலாம்தான், ஆனால் அதுவும் வரிசைப்படி ஒட்டுவது.

அடிக்குறிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடிக்குறிப்பும் லேபிள்தான், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எஸ்ட்டேப் வழக்கமாக அடைப்புக்குறிக்குள் டி மதிப்பைப் போடும், ஸ்டார்கேஸர் திட்டப்பிழையைப் போடும். நட்சத்திரங்களும் மாறும். எஸ்ட்டேப்பில் ஒரு நட்சத்திரம் 0.05, இரண்டு 0.01, மூன்று 0.001. ஸ்டார்கேஸரில் ஒன்று 0.1, இரண்டு 0.05, மூன்று 0.01. ஒன்றிலிருந்து அட்டவணையையும் மற்றொன்றிலிருந்து குறிப்பையும் நகலெடுத்தால் முக்கியத்துவ அளவு முழுவதும் பொய்யாகிவிடும்.

ஆட்ஸ் விகிதம் (லாஜிஸ்டிக் கெழுவை அடுக்குக்குறியாக மாற்றிய எண்) காட்டும்போது தலைப்பில் கெழு என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டார்கேஸரில் கெழுக்களை மட்டும் அடுக்குக்குறியாக மாற்றினால், புதிய எண்ணை வைத்து டி மதிப்பையும் பி மதிப்பையும் அது தானே மறுபடி கணக்கிட்டு, தவறான நட்சத்திரங்களைப் போடும். அந்தத் தானியங்கிக் கணக்கு இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

தமிழ் லேபிள்கள் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வருகின்றன.

விண்டோஸில் ஆர் 4.2க்கு (2022) முந்தைய பதிப்பு என்றால் புதுப்பியுங்கள். அதிலிருந்துதான் விண்டோஸிலும் யூடிஎஃப்-8 இயல்பானது. ஸ்டேட்டாவுக்கு 14ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்து திறங்கள். லேடெக்ஸில் பிடிஎஃப்லேடெக்ஸ் உதவாது. ஸீலேடெக்ஸ் அல்லது லுவாலேடெக்ஸில் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டு ஓட்டுங்கள். லேபிளில் சதவீதக் குறி இருந்தால் அதன் முன் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். போடாவிட்டால் அந்த வரியில் அதற்குப் பின் உள்ளதை எல்லாம் லேடெக்ஸ் கருத்துரையாக எண்ணி விட்டுவிடும், வரியின் எண்களும் சேர்ந்தே மறையும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். இப்போதுதான் லேபிள் மாறியதைக் கண்டுபிடித்தேன். என்ன செய்வது?

அட்டவணையை மட்டும் திருத்தி நிறுத்திவிடாதீர்கள். அந்த லேபிளைப் படித்துத்தான் முடிவுரையும் சுருக்கமும் பரிந்துரைகளும் எழுதப்பட்டிருக்கும். மாடலை மூலத் தரவிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பழைய அட்டவணை, புதிய அட்டவணை, இரண்டுக்கும் பொதுவான கெழுக்கள் என ஒரு பக்கம் தயாரித்து, கெழுக்கள் மாறவில்லை பெயர்கள்தான் மாறியிருக்கின்றன என்பது தெரியும்படி வையுங்கள். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் பக்க எண்ணோடு பட்டியலிடுங்கள். அந்த இரண்டையும் சேர்த்து நெறியாளரிடம் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். கட்டுரை இதழில் வந்துவிட்டது என்றால் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டியதும் இதே இரண்டு தாள்கள்தான்.